வெள்ளிக்கிழமை இறங்காத ஷேர்

ஏனுங்க அம்மிணி, இது பழனி பஸ்தானுங்களே? போர்டு படிக்க முடியவில்லை. கண்ணாடியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு விபூதியை மட்டும் பூசிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். நல்லவேளை, மறந்தது கண்ணாடி. விபூதியை மறந்திருந்தால் உக்கடத்திலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

நீங்களே ஜன்னலோரம் உட்காருங்க. எனக்குக் காற்று ஆகாது. இந்த மஞ்சப்பையை மட்டும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். கை பட்டுவிடாமல் பார்த்துக்கோங்க, உள்ளே சாமி சமாச்சாரம் இருக்கிறது. போனை அதன்மேல் கவிழ்த்து வைக்கிறேன். துடித்தால் பயந்துக்காதீங்க. விலை ஏறினாலும் துடிக்கும், இறங்கினாலும் துடிக்கும். கண்ணாடி இல்லாமல் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீங்க இந்த ஷேர் மார்க்கெட்டெல்லாம் பார்ப்பீங்களா? மாட்டீங்களா? ரொம்ப நல்லது. உங்கள் மாதிரி ஆள்தான் எனக்கு வேணும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அது சூதாட்டம் அம்மிணி. சாமி கும்பிடுகிற குடும்பத்துக்கு ஆகாது. நான் அதில் கை வைக்கிறதே இல்லை. என் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு கம்பெனிதான். அதிலும் கொஞ்சம் முருகன் பேரில் இருக்கிறது.

சிரிக்காதீங்க. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிங்க. பழனி போகிற வரைக்கும் நேரம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தார். பேர் சொல்ல மாட்டேன், கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை. கம்பெனி பேரையும் சொல்ல மாட்டேன். அது வேறு காரணம். சொன்னால் நீங்களும் வாங்கிவிடுவீங்க. பம்பு செட்டு செய்கிற கம்பெனி என்று மட்டும் வைத்துக்கோங்க.

ரிட்டையர் ஆன மனுஷன் கோயில் குளம் என்று போவார், எனக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுங்களா? போன் வீடியோவில் ஒரு பையன் பேசுவான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "சார், ரிஸ்க் எடுக்காதவங்களுக்கு ரிவார்டு கிடையாது சார்" என்பான். இவர் அவனுக்குத் தலையை ஆட்டுவார். ஆயுசு முழுக்க மில் முதலாளிக்கே தலையை ஆட்டாத மனுஷன்! செட்டில்மென்ட் பணத்தில் முக்காலையும் கொண்டுபோய் அந்தப் பம்பு கம்பெனியில் போட்டார். வாங்கின விலை இருநூற்றுப் பத்து.

"ஏனுங்க, எல்லாத்தையும் ஒரே இடத்துல போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"கோயமுத்தூர்ல பொறந்துட்டுப் பம்பை நம்பாம வேற எதை நம்பறது? கெணறு இருக்கற வரைக்கும் பம்பு இருக்கும் மயிலா" என்றார்.

கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்று நான் கேட்கவில்லை. நமக்கெதற்கு?

எங்கள் மாப்பிள்ளை பூபதி கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தங்கமான பையன். மகள் கோகிலாவைக் கண்ணுக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு மெஷின் போட வேண்டும் என்று ஆசை, கையில் முதல் இல்லை. இவர் மீசையை முறுக்கிக்கொண்டு, "மாப்ளே, நம்ம ஷேரு முந்நூறு தொட்டதும் வித்து உங்க மெஷினுக்குக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பூபதி சாயங்காலமானால் போன். "மாமா, எவ்வளவுங்க?" இவரும் விலையை மட்டும்தான் சொல்வார். கம்பெனி பேரை மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை. தொழில் ரகசியமாம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் கண் போனது. ஒருநாள் காலையில், "மயிலா, இந்தப் பக்கம் யாரு திரை போட்டது?" என்றார். திரையும் இல்லை ஒன்றும் இல்லை. கண்ணுக்குள்ளே விழித்திரை பிரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கே ஆபரேஷன். உள்ளே காற்றைக் குமிழி மாதிரி அடைத்து அனுப்பினார்கள். அது இடம் மாறாமல் இருக்கக் குப்புறத்தான் படுக்க வேண்டுமாம். இன்னொரு கண்ணில் ஏற்கெனவே புரை, வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது.

டாக்டர் சின்னப் பொண்ணு. "அம்மா, குப்புறப் படுத்தே இருக்கணும். பிரஷர் ஏறக் கூடாது. தும்மக் கூடாது. கோபப்படவே கூடாது" என்றது.

"கோபப்படாமயா? அவரு மூச்சு விடறதே கோபத்துலதான் கண்ணு" என்றேன். அது சிரிக்கவில்லை. நம் வீட்டுக் கஷ்டம் அதற்கு எப்படித் தெரியும்?

மனசுக்குள் பழனியாண்டவருக்கு வேண்டிக்கொண்டேன். அப்பா முருகா, இந்தக் கண் பிழைத்தால் மலையேறி வந்து காணிக்கை செலுத்துகிறேன். மஞ்சள் துணியில் பணத்தை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அந்த முடிச்சை ஞாபகம் வைத்துக்கோங்க. மறுபடியும் வருவேன்.

முன்னறையில் சாமி மாடத்தை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். மனுஷன் குப்புறக் கிடந்தார். பேச்செல்லாம் தலையணைக்குள்ளிருந்து வரும். மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "மயிலா, போனை எடு. எவ்வளவுன்னு பாரு."

எனக்கு என்ன தெரியும்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்ததை இருந்தபடி படித்தேன். "நூத்தி எம்பதுங்க. பக்கத்துல செவப்பா இருக்குது."

அவ்வளவுதான். "என்னது!" என்று எழுந்து நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிவப்பு. நானும் கோகிலாவும் தோளைப் பிடித்து அமுக்கித் திரும்பக் கவிழ்த்தோம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பொண்ணு பிடித்த பிடி இருக்கிறதே! "இன்னொரு தடவ இப்படி எந்திரிச்சா பார்வைக்கு நான் பொறுப்பில்லம்மா."

நீங்களே சொல்லுங்க. மறுநாள் அவர் "எவ்வளவு?" என்று கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போனில் இருந்தது நூற்று எழுபத்து நான்கு. நான் முருகன் படத்தைப் பார்த்தேன். அவர் வேலைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். வேண்டாம் என்று ஒரு சைகை காட்டவில்லை. "இருநூத்தி இருபதுங்க, பச்சையா இருக்குது" என்றேன்.

தலையணைக்குள்ளிருந்து "ஹும்" என்று ஒரு சத்தம். நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாளில் எனக்கு அது பழகிப்போனது. சும்மா ஏற்றிக்கொண்டே போனால் சந்தேகப்படுவார் அல்லவா? அதனால் நடுவில் கொஞ்சம் இறக்குவேன். எப்போது இறக்குவது என்பதற்கு நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் இறங்கும். அஷ்டமி நவமியில் ஏறவே ஏறாது. வெள்ளிக்கிழமை மட்டும் உலகமே புரண்டாலும் இறங்காது. விளக்கு வைக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை அதுவுமாக நஷ்டம் என்று வாயால் சொல்லலாமா? சொல்லுங்க பார்ப்போம்.

மற்ற நாளில் அன்றன்றைக்கு எப்படியோ அப்படி. ஒருநாள், "என்ன சாம்பார் இது, கொளத்துத் தண்ணியாட்டம்?" என்றார். நான் யாரையும் கடிந்து பேசுகிறவள் இல்லை. சாயங்காலம் பதினோரு ரூபாய் இறக்கிவிட்டேன். "ஐயோ, ஏன்?" என்றார். "யாரோ நம்பிக்கை இல்லாம வித்துட்டாங்களாட்டம் இருக்குதுங்க" என்றேன். மறுநாள் துவையலை வழித்துச் சாப்பிட்டார். ஏழு ரூபாய் ஏற்றிக் கொடுத்தேன்.

டிவியில் சந்தை சரிந்தது, சரிந்தது என்று கத்துவான். கடல் தாண்டி எவனோ வரி போட்டானாம், எங்கேயோ இரண்டு நாடு அடித்துக்கொள்கிறதாம். அடித்துக்கொள்கிறது அவர்கள், அடி விழுகிறது பம்புக்கு! இவர் காதில் விழும். "எல்லாம் எறங்குது, நம்முளுது மட்டும் நிக்குது பாரு! நான் எடுத்த ஷேரு அப்படி!" என்று தலையணைக்குள் பெருமைப்படுவார். பாவமாக இருக்கும். போனில் நூற்று ஐம்பத்திரண்டு.

கிணத்துக்கடவு தாண்டிவிட்டோமா? சரி.

ஒரு கஷ்டம் இருந்தது. முந்நூறு தொட்டால் விற்கச் சொல்வார். அதனால் முந்நூறுக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். இறக்கினால் பிரஷர், ஏற்றினால் விற்பனை. பம்பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இருக்குமா தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கிருத்திகையும் சேர்ந்து வந்தது. மனசு நிறைந்து இருந்தேன். வாய் தவறி இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டேன்.

"போதும் மயிலா! நாலு ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம். வித்துரு! பூபதிக்குப் போன் போடு!"

போனில் இருந்தது நூற்று நாற்பது. விற்றால் அவர் நினைக்கிறதில் பாதிகூட வராது. விற்காவிட்டால் எழுந்து உட்காருவார். "இன்னிக்கு நேரமாயிருச்சுங்க" என்றேன். திங்கட்கிழமை கேட்டார். "சர்வர் வேலை செய்யலையாமுங்க." செவ்வாய்க்கிழமை கேட்டார், அதையே சொன்னேன். புதன்கிழமை கோனியம்மன் தேர். "தேருக்கு லீவுங்க" என்றேன்.

"கோனியம்மன் தேருக்குப் பம்பாயில எதுக்குடி லீவு?"

"பம்பாய்க்கு இல்லீங்க. கம்பெனி நம்மூருதானுங்களே, இந்த ஒரு ஷேருக்கு மட்டும் லீவு விட்டிருக்காங்க."

தலையணைக்குள் தலையை ஒரு தடவை ஆட்டினார். அப்புறம், "அதுவும் நாயந்தான். ஆத்தா தேருன்னா விடத்தான் வேணும்" என்றார். அம்மன் காப்பாற்றினாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த கோகிலா போனைப் பார்த்துவிட்டாள். அவள்தான் எனக்கு எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள். சமையல்கட்டுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இங்க நூத்தி நாப்பதுன்னு இருக்குது. அப்பா என்னமோ எரநூத்தித் தொண்ணூத்தாறுங்கறாரு?"

"மெதுவாப் பேசு கண்ணு."

"நீ பொய்யாச் சொல்லிட்டு இருக்கற? காலையில ஒரு மணி நேரம் பூஜை பண்ணிட்டு?"

"பொய் இல்ல அம்மிணி. வெல எப்படியும் அங்க வந்துதானே ஆகோணும்? வரப்போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்றேன்."

"இதுக்குப் பேரு ஃப்ராடும்மா. ஜெயில்ல போடுவாங்க!"

"புருஷங்கிட்ட மாத்திச் சொன்னதுக்கு ஜெயில்னா, நம்ம வீதியில ஒரு பொம்பளையும் வெளியில இருக்க மாட்டா."

அவள் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரரு அதை நம்பி மெஷின்காரங்கிட்ட பேசிட்டு இருக்காரும்மா. வாக்குக் குடுத்துட்டா என்ன பண்ணுவ? பட்டறையே போயிரும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் இவர் கண், ஒரு பக்கம் மகள் குடும்பம். நடுவில் நான் சொன்ன விலை.

மறுநாள் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்த்தேன். உங்கள் பக்கம் உண்டுங்களா? வெள்ளைப்பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்து, குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத ஒருத்தரை எடுக்கச் சொல்வது. நான் கேட்டது இதுதான்: முருகா, உன் காணிக்கைப் பணத்தை உன் பேரில் இந்தக் கம்பெனியிலேயே போடட்டுமா? உன் பணமும் உள்ளே இருந்தால் விட்டுவிடுவாயா நீ? வெள்ளை வந்தால் போடு, சிவப்பு வந்தால் வேண்டாம். தெருவில் வந்த பூக்காரம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. நல்லாக் கவனித்தேன், அந்தம்மா எடுத்தது இடது கையால். சாமி காரியம் இடது கையில் செல்லுங்களா? வலது கையால் எடுக்கச் சொன்னேன். வெள்ளை.

முடிச்சை அவிழ்த்துக் கோகிலாவிடம் கொடுத்தேன். தலையிலடித்துக்கொண்டு அந்த ஷேரை வாங்கிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலைமேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கிவிட்டது. நான் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன், "ஏஞ்சாமி, என்ற புருஷன் பணம் போனாத்தான் உனக்குக் கவலை இல்ல. உன்ற பணமும் போகுதே, அதுகூடவா தெரியல? மலை மேல கோவணத்தோட நிக்கறதுக்கு இதுதான் காரணமா?" கோபத்தில் சொன்னது. அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுத் தங்கவேல் அண்ணன் பார்க்க வந்தார். எங்கள் வீட்டுக்காரர் தலையணைக்குள்ளிருந்து அவருக்குப் பாடம் நடத்தினார். "தங்கவேலு, நானும் படுத்துட்டே கவனிக்கறேன். இந்த ஷேருக்கு ஒரு கணக்கு இருக்குதுய்யா. வெள்ளிக்கிழமை எறங்கறதே இல்ல. அஷ்டமியில ஏறறதே இல்ல. ஒரு எக்ஸ்பர்ட்டும் இதைக் கண்டுபுடிக்கல!"

தங்கவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். "அப்படி என்ன ஷேருங்க அது?" என்றார் அவர். கூப்பிட்டுக் காதில் மட்டும் பேரைச் சொன்னார் இவர்.

நல்ல மனுஷன் அந்த அண்ணன். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் பேப்பரோடு வந்து உட்கார்ந்து படித்துக் காட்ட ஆரம்பித்தார். என்ன படிப்பாரோ, நான் காபி கொண்டுபோனால் நிறுத்திவிடுவார். பொம்பளைங்க வந்தால் பேச்சை நிறுத்துகிற மரியாதை இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது? முதல் நாள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பசி இல்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். எதற்கு என்று தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. என்ன என்று கேட்டால், ராசிபலன் படித்தோம் என்றார்கள்.

அதற்கப்புறம் பாருங்க, விற்கச் சொல்லி ஒரு நச்சரிப்பு இல்லை! கோனியம்மன் புண்ணியம். பூபதி போன் செய்தால், "மாப்ளே, அவசரப்பட்டு மெஷின்காரனுக்கு வாக்குக் குடுத்துராதீங்க. சந்தையை நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டார். நான் சொல்கிற விலை இருநூற்றுத் தொண்ணூறுகிட்டே இருக்கும்போதே இப்படிச் சொல்கிறாரே, கையை விட்டுப் பணம் போகக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கோகிலா முகம் தெளிந்துவிட்டது.

அதைவிட ஆச்சரியம், மனுஷனுக்கு வயசு போன காலத்தில் என்மேல் பிரியம் வந்துவிட்டது. கல்யாணமான புதுசில்கூட அப்படி இல்லை. "மயிலா, இன்னிக்கு ரசம் அமிர்தம்" என்பார். அப்புறம் தலையணைக்குள்ளிருந்து, "ஒரு ரெண்டு ரூபாயாச்சும் ஏறியிருக்கோணுமே?" என்பார். எனக்கு உருகிவிடும். மூன்று ரூபாயாகவே சொல்வேன். ஒருநாள் கேழ்வரகுக் களியைப் புகழ்ந்தார் அம்மிணி, களியை! அன்றைக்கு அஷ்டமி. இருந்தும் ஏற்றிவிட்டேன். நியமத்தை மீறினது அந்த ஒரு நாள்தான்.

முருகனும் நான் திட்டினதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கடல் தாண்டினவன் வரியைத் தள்ளி வைத்தானாம், நாடு இரண்டும் சண்டையை நிறுத்திவிட்டதாம், நூற்றுப் பதினெட்டு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. அதையெல்லாம் டிவிக்காரன் காரணமாகச் சொன்னான். தன் காணிக்கைப் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று அவருக்கு மட்டும் தெரியாதா?

டாக்டர் பொண்ணு கடைசியாகப் பார்த்து, பார்வை வந்துவிட்டது, இனிமேல் போன் பார்க்கலாம் என்று சொன்ன அன்றைக்குப் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின நாள் நான் சொன்னது இருநூற்று எண்பத்தேழு. போனில் இருந்தது இருநூற்று முப்பத்தொன்று. வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "மயிலா, நேத்து எரநூத்தி எம்பத்தேழு. இன்னிக்கு எரநூத்தி முப்பத்தொண்ணு. ஒரே ராத்திரியில எங்க போச்சு?"

சாமி என் வாயில் அந்த வார்த்தையைக் கொடுத்தார். "உங்க கண்ணு பட்டிருச்சுங்க. இத்தனை நாள் நீங்க பாக்காம நல்லா இருந்துச்சு. பாத்ததும் எறங்கிருச்சு பாருங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணெல்லாம் நீர். "இனிமே நான் பாக்கவே மாட்டேன் புள்ள. என்ற கண்ணு ராசி இல்லாத கண்ணு. நீயே பாத்துக்க. நீ பாத்தாத்தான் ஏறுது" என்றார்.

அன்றிலிருந்து எல்லாம் என் பொறுப்புதான். பாதியை விற்றுப் பூபதிக்குக் கொடுத்தோம். புது மெஷினுக்குப் பத்தவில்லை, பழைய மெஷின் ஒன்று வாங்கினார், நன்றாக ஓடுகிறது. தங்கவேல் அண்ணன்கூட எதையாவது வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து நாள் கேட்கிறார். கேட்டுவிட்டு இருமுவார், அவருக்கு எப்போதும் இருமல். இவரும் சாயங்காலமானால் "எவ்வளவு மயிலா?" என்று கேட்பார். இப்போதெல்லாம் உள்ளபடியேதான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தவிர.

அது மடத்துக்குளம்தானுங்களே? அப்படியென்றால் பழனி கிட்டே வந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலையில் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏ மயிலா, முருகனோட பங்கை இன்னிக்குத் தீர்க்கப் போறியே, நீ சொன்ன வெலைக்குத் தீர்ப்பியா, சந்தை வெலைக்குத் தீர்ப்பியா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முருகனுக்குப் பங்கு இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? கோகிலா சொல்லியிருக்க மாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். அதிலும் "நீ சொன்ன வெல" என்றாரே, அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாதே! நான் யோசித்துப் பார்த்தேன் அம்மிணி. உக்கடம் வருகிற வரைக்கும் யோசித்தேன். ஒன்றுதான் தோன்றுகிறது. அது அவர் பேசவில்லை. பழனியாண்டவரே அவர் வாயில் வந்து கேட்டிருக்கிறார்.

கேள்வியும் நியாயமான கேள்விதான். நான் தினமும் விலை சொன்னது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சாமி மாடம். இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று சொன்னது முருகன் காதிலும் விழுந்திருக்குமே! அவரும் நம்பித்தானே நின்றிருப்பார்? அதனால் இரண்டு விலைக்கும் பணத்தைத் தனித்தனியாக முடிந்து எடுத்து வந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எங்கள் வீட்டு மளிகைச் செலவு. அவருக்கு மலை நிறையக் கூட்டம், எங்களுக்கு நாங்கள்தான். இருந்தாலும் அவர் கேட்டுவிட்டார், நான் ஏமாற்ற மாட்டேன்.

அதனால்தான் இந்தப் பை. உள்ளே இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் சந்தை விலை, சிவப்பு வந்தால் நான் சொன்ன விலை. உங்களுக்கு ஷேர் தெரியாது, என்னைத் தெரியாது, கள்ளமில்லாத கை. கண்ணை மூடி முருகா என்று சொல்லி ஒன்றை எடுங்க.

பிரிங்க. என்ன நிறம் என்று சொல்லுங்க. சிவப்பா?

நல்லாப் பாருங்க, வெயிலில் வெள்ளைகூடச் சிவப்பாகத் தெரியும்.

சிவப்புதானா. நீங்க இடது கையால் எடுத்தீங்க அம்மிணி. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கைதான் முதலில் வரும், உங்கள் மேல் தப்பில்லை. செல்லாது. மறுபடி மடித்துப் போடுகிறேன். வலது கையால் எடுங்க.

இப்போது?

சிவப்பா.

சரி. நான் சொன்ன விலைக்கே கேட்கிறார். கேட்கட்டும். நான் வாய்விட்டுச் சொன்ன விலைதானே, கொடுத்துவிடுகிறேன். மளிகைக் கடைக்காரர் ஒரு மாதம் பொறுக்க மாட்டாரா?

அதோ, மலை தெரிகிறது. முருகா.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. சந்தை இன்னும் மூடவில்லை, அவர் பங்கை நான் இன்னும் விற்கவுமில்லை. மலையேறுவதற்குள் அவரே அதை இருநூற்றுத் தொண்ணூற்றாறுக்கு ஏற்றி வைத்திருந்தால் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும் அல்லவா? அவருக்கும் குறையில்லை, எனக்கும் நஷ்டமில்லை. இந்தாங்க போன். கவிழ்ந்து கிடக்கிறது, திருப்புங்க. எனக்குத்தான் கண்ணாடி இல்லையே, நீங்க படித்துச் சொல்லுங்க. எவ்வளவு இருக்கிறது?

ஏன் என்னையே பார்க்கிறீங்க? சும்மா சொல்லுங்க.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு படிங்க.